ஒரு சொட்டும் ஒழுகாது

அறுபத்தொரு இலட்சம் என்றான் தினுக.
நான் அவனுக்கு விற்றது இருபத்து நான்குக்கு.
உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன் அக்கே,
மெல்பேர்ன் விசா வந்துவிட்டது.

இரவு கணவர் கேட்டது ஒன்றுதான்:
எங்கே நிறுத்துவாய்?
வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழே
அந்த இடத்தில் இப்போது
ஜெனரேட்டர் நிற்கிறது.

சனிக்கிழமை ஓட்டோ பிடித்துக்
கொஹுவளைக்குப் போனேன், பார்க்க மட்டும்.
தகரக் கொட்டகைக்குள் எம்.ஆர்.டூ.
முன்பக்கம் அதே சிவப்பு,
வால்பக்கம் வெளிறிச் செங்கல்லாகிவிட்டது.
சாவியைத் திருகினான்.
மூடிக் கிடந்த முன்விளக்குகள் எழுந்தன,
இடது கண் அரை நொடி பிந்தி.
என் காலத்திலும் அப்படித்தான்.

ஏறுவது சுலபம், விழுந்தால் போதும்.
இறங்கத்தான் இப்போது ஆள் வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழில்
கிருலப்பனைச் சோதனைச் சாவடியில்
டோர்ச் வெளிச்சம் முதலில் காரில் விழுந்தது,
பிறகு அடையாள அட்டையில், பிறகு என் முகத்தில்.
யாருடைய வாகனம்?
என்னுடையது.
இல்லை, யாருடையது?
மூன்றாம் தரம் கேட்டபோது
எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.
புத்தகத்தை நீட்டினேன்.
பெயரில் ஓர் எழுத்துக் குறைவு,
அதற்கும் விளக்கம் சொன்னேன்.
பிறகு அந்தப் பையன்
துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிக் குனிந்து
எவ்வளவு ஓடும் என்று கேட்டான், வேறு குரலில்.
இருநூற்று இருபது என்றேன்.
அப்படி ஓட்டிப் பார்க்க
இந்த நகரத்தில் வீதி ஏது?

விற்ற கதை எல்லோருக்கும் தெரிந்த கதை.
பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு.
இருக்கையைச் சாய்க்க முடியாது,
முதுகுக்குப் பின்னால்தான் என்ஜின்.
மகளின் படிப்புக் கட்டணம் ரிங்கிட்டில்,
கந்தோரில் பாதிச் சம்பளம்.
விடியற்காலை
முன்னால் நின்ற ஓட்டோக்காரர்
பிளேன்ரீ நீட்டியபடி ஆறுதல் சொன்னார்:
தள்ளுறதுக்கு நல்ல கார் மிஸ், பாரமில்லை.

ஓட்டிப் பாருங்கள் என்றான்.
பாமன்கடைத் திருப்பத்தில் நின்றுபோனது.
கிளச் பிடிக்கும் இடத்தை மாற்றியிருக்கிறான்,
என் கால் பழைய இடத்தில் தேடியது.
பின்னால் நூற்று ஐம்பத்தைந்தாம் இலக்க பஸ்
ஹோர்னிலேயே ஏசியது.
அவன் ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்,
நல்ல பிள்ளை.

திரும்பி வந்து
கூரைக் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டிச் சொன்னான்:
ஒரு சொட்டும் ஒழுகாது.

எனக்கு அந்த வசனம் தெரியும்.
அது என்னுடையது.
அதே கண்ணாடியைத் தட்டி
அதே குரலில்
நான்தான் அவனுக்குச் சொன்னேன்.
அன்றும் வானம் இப்படித்தான்
துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

இருக்கைக்குப் பின்னால்
நாலாய் மடித்த மஞ்சள் துவாய்.
என்னுடையது நீலம்.
வலது தோளுக்கு நேராக, அதே மூலை.
நான் துவாயைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.
மூன்று மாரியாக
என்னை என்னவெல்லாம் சொல்லியிருப்பானோ.

புத்தகத்தைப் புரட்டினேன்.
முன்னைய உரிமையாளர்: நான், அதே எழுத்துக் குறைவோடு.
வாங்கினால்
என் பெயர், அவன் பெயர், மறுபடி என் பெயர்.
வேரஹெர கந்தோரில் எழுதுகிறவர்
யாரோ விட்ட பிழை என்று நினைக்கக்கூடும்.

ஐம்பத்தாறு என்றேன்.
அக்கே, ஐந்து இலட்சமா, எதற்கு?
துவாய்க்கு.
அவன் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இறங்கக் கை கொடுத்தான்.

ஞாயிறு முழுக்கக் கணக்குப் பார்த்தேன்.
ரயர் நான்கு, காப்புறுதி,
பஞ்சிகாவத்தையில் கிடைத்தாலும் கிடைக்காத றப்பர்.
எந்தப் பக்கத்தில் கூட்டினாலும்
வேண்டாம் என்றுதான் வந்தது.
பென்சிலை மூடி வைத்தேன்.

நாலரைக்குக் கடல் பக்கமிருந்து மழை.
பல்கனியில் காய்ந்த உடுப்புகளை
அள்ளிக்கொண்டிருக்கும்போது தகவல் வந்தது:
அங்கேயும் மழையா அக்கே? ஐம்பத்தெட்டு.

கீழே ஜெனரேட்டர்மீது
சடசடவென்று விழுகிறது.
அதை இரண்டடி தள்ளி வைக்க முடியுமா என்று
காவலாளியிடம்
சும்மா
கேட்டுப் பார்க்கலாம்.
செருப்பில் ஒன்றைக் காணவில்லை.